மின்னஞ்சலில் மறையும் எழுத்து

நம் மாணவர் ஒருவர் தமக்கு வந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்தபொழுது, அனுப்பினோர் பெயரும் தலைப்பும் துலங்க, உள்ளே ஓரெழுத்தும் காணப்படவில்லை. வெற்று மடலென்று ஒதுக்கிவிட்டார். நேர்முகத் தேர்வின் நாளும் இடமும் அதிலேயே எழுதப்பட்டிருந்தமை அந்நாள் கழிந்த பின்னரே தெரியவந்தது. இத்தகைய இடர்க்குக் காரணம் யாதென்பதைத் தண்டர்பேர்ட் என்னும் நிரலைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அலங்காரத்தோடு எழுதப்படும் மடல்கள் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் அமைவன. அதில் எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் வெவ்வேறாகக் குறிக்கப்படும். ஒன்றைக் குறித்து மற்றொன்றைக் குறியாது விடுதலும் கூடும். தீங்கு பிறப்பது இங்கேதான். எழுதினவர் கருநிறத்தை மாத்திரம் விதித்திருக்க, படிப்பவரது கணினியில் இருள்நிறத் தோற்றம் அமைந்திருக்குமாயின், கரும்பலகையில் கரியால் எழுதியவாறாகும். வெண்தாளில் சுண்ணக்கட்டியால் எழுதினாற்போல இதன் மறுதலையும் நிகழும். கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள ஒளிமாறுபாடு 21:1. சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேண்டுமென்பது வலைத்தள அணுகல் நெறி. இரண்டும் ஒரே நிறமாயின் 1:1 ஆகிவிடும்.

முதற்கண், மடலினுள் சொடுக்கி, கண்ட்ரோல் விசையோடு 'ஏ' விசையை அழுத்துக. தெரிவுப் பட்டையின்மேல் எழுத்துக்கள் தோன்றினால் குற்றம் நிறத்தினுடையதே. தோன்றாவிடின் நிறத்தை நோவதிற் பயனில்லை. மடல் முழுதும் வந்ததோ, செய்தி படமாக இருந்து தடுக்கப்பட்டதோ என்று பார்த்தல் வேண்டும்.

பின்னர், 'வியூ' பட்டியில் 'மெசேஜ் பாடி ஆஸ்' என்பதனுள் 'பிளெயின் டெக்ஸ்ட்' என்பதைத் தெரிக. மடலின் நிறங்கள் யாவும் களையப்பட்டு வெற்றெழுத்து நிற்கும். அவசரத்தில் இருப்போர்க்கு இதுவே போதும்.

எல்லா மடல்களும் இவ்வாறே மங்குமாயின், பிழை நம் அமைப்பில் உள்ளது. 'செட்டிங்ஸ்' பகுதியில், 'ஃபாண்ட்ஸ் அண்டு கலர்ஸ்' என்பதன் கீழுள்ள 'கலர்ஸ்' பொத்தானைச் சொடுக்கி, எழுத்து நிறத்தையும் பின்னணி நிறத்தையும் ஒருங்கே நோக்குக. ஒன்றை மாற்றி மற்றதை மறந்தவரே பலர். யாமும் அவருள் ஒருவரே! மடலின் நிறங்களை எப்பொழுதும் புறக்கணிக்குமாறு விதிக்கவும் அங்கே வழியுண்டு. ஆயின் அட்டவணை முதலியவற்றின் வண்ணங்களும் உடன் போய்விடும். கண்பார்வை குன்றியோர்க்கு அது நன்மையே. இவற்றாலும் தீராவிடின், 'ஹெல்ப்' பட்டியிலுள்ள 'டிரபிள்ஷூட் மோடு' வழியாகத் திறந்து பார்க்க. அப்பொழுது குறை நீங்குமாயின், நாம் சேர்த்த துணைநிரலோ தோற்றமோ காரணமென்க.

அனுப்புவோர்க்கும் ஒரு கடமையுண்டு. மடல் எழுதுதற்குரிய 'காம்பொசிஷன்' அமைப்பில், படிப்பவரது இயல்பு நிறங்களைப் பயன்படுத்துமாறு கூறும் கட்டத்தைக் குறியிட்டு வைத்தல் வேண்டும். எனினும், மறுமொழி வரையுங்கால் உடன் வரும் பழைய மடல் தன் நிறங்களையும் கொணரும். அலங்கார முறையை வழக்கமாகக் கொண்டவர் ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு மறுமொழிப் பொத்தானைச் சொடுக்கின், வெற்றெழுத்து மடலே திறக்கும்.