படகுக்குக் கார் எஞ்சின் பொருந்துமா?

பட்டுத் தறியும் நெல் வயலும் சூழ்ந்த களம்பூர் வட்டாரத்து அங்கத்தினர்களுக்குப் படகைப் பற்றிய பாடம் எதற்கு என்று கேட்கலாம். கடன் மனுக்களை ஆராயும் பணியில் நான் கற்ற பெரிய பாடம் ஒரு படகிலிருந்துதான் கிடைத்தது. ஆதலின் அதனையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சங்கங்களைப் பார்வையிட்டு வந்தேன். அங்கே ஓர் அங்கத்தினரிடம் சிறு வள்ளம் ஒன்று இருந்தது. அதன் பின்பலகையில் மாட்டியிருந்த அவுட்போர்டு மோட்டார் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கிறது, அடிக்கடி பழுதாகிறது என்பது அவர் குறை. கழித்துவிட்ட கார் ஒன்றின் பெட்ரோல் எஞ்சின் மலிவாகக் கிடைத்தது. அதனைப் படகின் உள்ளே அமர்த்தக் கடன் கேட்டார். மதிப்பீட்டில் எஞ்சின் விலை ஒன்றே இருந்தது. மலிவைக் கண்டு நானும் பரிந்துரை எழுதினேன்.

அம்மனுவில் எழுதப்படாதவை எவை என்று ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, உழைப்பு. சமதரையில் ஓடும் கார் தன் எஞ்சினின் திறனில் ஒரு பகுதியையே செலவிடுகிறது, இறக்கத்தில் இளைப்பாறுகிறது. படகுக்கு இறக்கம் என்பதே இல்லை. நீரின் தடை நொடிப் பொழுதும் விடாது. படகிலுள்ள எஞ்சின் ஓயாமல் மேடேறும் வண்டி எஞ்சினைப் போன்றது.

இரண்டாவது, குளிர்ச்சி. காரின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று துணை செய்கிறது. படகின் உள்ளே அக்காற்று இல்லை. உப்பு நீரை நேரே எஞ்சினுக்குள் விட்டால் உள்வழிகள் அரிக்கும். எனவே நன்னீர் எஞ்சினுக்குள் சுற்றவும், அதன் வெப்பத்தைக் கடல்நீர் தனிக் குழாயின் வழியே வாங்கிச் செல்லவும் ஏற்பாடு வேண்டும். அதற்குத் தனிப் பம்பும் வேண்டும்.

மூன்றாவது, விசையைக் கொண்டு செல்லுதல். கார் எஞ்சின் மிக வேகமாகச் சுழல்வது. நீரைத் தள்ளும் விசிறியோ பெரும்பாலும் அதனினும் மெதுவாகச் சுழன்றால்தான் நன்கு வேலை செய்யும். ஆகவே வேகத்தைக் குறைக்கும் கியர் தேவை. அன்றியும், விசிறி நீரைப் பின்னே தள்ளும்போது தண்டு முன்னே உந்தப்படுகிறது. அவ்வுந்தலைத் தாங்கத் தக்க பேரிங் கார் கியர்பெட்டியில் இல்லை. தண்டும் எஞ்சினும் ஒரே நேர்கோட்டில் அமையாவிடில் அதிர்ச்சியால் யாவும் தேயும்.

நான்காவது, நெருப்பு. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. அவுட்போர்டு மோட்டார் வெளியே இருப்பதால் கசியும் ஆவி காற்றில் கலந்துவிடும். உள்ளே வைத்த எஞ்சினிலிருந்து கசிவது படகின் அடித்தளத்தில் தேங்கும். ஸ்டார்ட்டரின் ஒரு பொறியே போதும், படகு வெடித்துவிடும். ஆவியை வெளியேற்றும் காற்றாடியும், பொறி வெளிவராத மின்கருவிகளும் இன்றிப் பெட்ரோல் எஞ்சினை உள்ளே வைத்தலாகாது. அபாயம் குறைந்தது என்பதாலும் மீன்பிடிப் படகுகளில் டீசல் எஞ்சினை நாடுகின்றனர்.

ஐந்தாவது, கரை. துறைமுகம் இல்லாத மணற்கரையில் அவுட்போர்டு மோட்டாரை உயரத் தூக்கிவிடலாம். படகின் அடியில் நிலையாக நிற்கும் தண்டும் விசிறியும் மணலில் மோதும்.

இவ்விடர் அறிஞர்களுக்கும் நேர்ந்ததே. 1952இல் ஒப்பந்தமான இந்திய–நார்வே திட்டத்தினர் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் முதலில் உள்ளூர் வள்ளங்களிலேயே எஞ்சின் பொருத்த எண்ணினர். அவை ஏற்கவில்லை, எஞ்சினுக்கென்றே புதிய படகுகளை வகுத்தனர். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தினர், மணற்கரையில் ஏறும் படகுக்கு டீசல் எஞ்சினும் தண்டும் விசிறியும் ஒன்றாகச் சாய்ந்து உயரும் அமைப்பை உருவாக்கினர். எஞ்சினுக்கேற்பப் படகையும், கரைக்கேற்ப எஞ்சினையும் அமைத்தனர் என்பதைக் கவனிக்க.

நம் அங்கத்தினருக்கு நேர்ந்தது என்ன? கியர், தண்டு, குளிர்ச்சிக் குழாய், எஞ்சினைத் தாங்கும் மரக்கட்டு ஆகியவற்றிற்கான செலவு எஞ்சினின் விலையைத் தாண்டியது. பாதியில் பணம் தீர்ந்தது. கட்டாத வேலையோடு படகு கரையில் கிடந்தது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. அவர் மனைவி, “ஐயா, நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களே என்றுதான் நம்பினோம்” என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. கேட்க வேண்டிய கேள்விகளை நான் கேட்கவில்லை என்பதே உண்மை.

இனி நம் ஊருக்கு வருவோம். கிணற்றில் பழைய வண்டி எஞ்சினை வைத்து நீரிறைக்க நினைப்பவருக்கும் ஓயாத உழைப்பு, எதிர்க்காற்றில்லாக் குளிர்ச்சி என்னும் முதலிரு வினாக்கள் உண்டு. கைத்தறியில் மோட்டார் இணைக்க விரும்புவோர் மரச்சட்டம் அதிர்ச்சியைத் தாங்குமா என்பதோடு சட்டத்தையும் எண்ண வேண்டும். விசை இணைந்தபின் அது கைத்தறி ஆகாது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென ஒதுக்கிய துணிகளை அதில் நெய்தல் குற்றமாகும்.

அடுத்த கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. மனுவிலுள்ள விலை பொருளின் விலையா, அது வேலை செய்யத் தொடங்கும் வரையுள்ள முழுச் செலவா?
2. அப்பொருள் எவ்வேலைக்கென ஆக்கப்பட்டது? நாம் தரும் வேலை எது?
3. வேலை பாதியில் நின்றால் தவணையைக் கட்டும் வழி யாது?

இம்மூன்றிற்கும் விடை எழுதிய பின்னரே கையெழுத்திடுக. மனுச் செய்பவருக்கும், பரிந்துரை செய்பவருக்கும் இது பொருந்தும்.