சொப்பும் சிலேட்டும்

நம்பிக்கை: விலை கூடிய ‘கல்வி பொம்மை’ வாங்கித் தந்தால்தான் மூளை வளரும்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல் சாலி கிராந்தம்-மெக்ரெகர் குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 9 மாதம் முதல் 24 மாதம் வரையிலான 129 குழந்தைகள். எல்லோரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அவர்களில் ஒரு பிரிவினரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், தாயையும் பிள்ளையையும் ஒரு மணி நேரம் சேர்ந்து விளையாடப் பழக்கினார். இரண்டு வருடம் இது நடந்தது. கொண்டுபோன சாமான்கள் காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி போன்றவற்றில் கையால் செய்தவை. ஒரு வாரம் அந்த வீட்டில் கிடக்கும். அடுத்த வாரம் அதை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுப்பார்கள்.

அந்தப் பிள்ளைகள் 22 வயதில் எப்படி இருந்தார்கள் என்பது 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. விளையாடிப் பழகியவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களுடையதைவிட 25 சதவீதம் கூடுதல். இன்னொரு பிரிவாகச் சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 129 பேர் என்பது சின்னக் கணக்குதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதே முறையை வங்கதேசத்திலும் ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளிலும் செய்து பார்த்தபோதும் குழந்தைகளின் அறிவுத்திறன் மேம்பட்டது. பாட்டிலை உருட்டிவிட்டு “எங்கே போச்சு?” என்று கேட்க எதிரே ஓர் ஆள் இருந்தாரே, அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

நம்பிக்கை: விளையாட விட்டால் அடக்கம் வராது.

நாலு வயதுக்காரர்களின் பஸ் விளையாட்டைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். வேப்பிலைதான் டிக்கெட். கண்டக்டர் விசில் ஊதும்வரை பயணிகள் எழுந்திருக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இரண்டு நிமிடம் உட்காராத பிள்ளை, இங்கே வரிசையில் அசையாமல் இருக்கும். எழுந்தால் ஆட்டம் கலைந்துவிடும் என்று அதற்குத் தெரியும். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: பாவனை விளையாட்டில் குழந்தை தன் வயதை மீறிய கட்டுப்பாட்டுடன் நடந்துகொள்கிறது.

நம்பிக்கை: மூன்று வயதில் எழுதப் பழகினால் பள்ளியில் முந்திக்கொள்ளலாம்.

முந்துவது உண்மை. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் டென்னசி மாநில அரசு நடத்திய மழலையர் வகுப்புகளுக்குக் குலுக்கலில் தேர்வான பிள்ளைகள் முதலில் முன்னணியில் இருந்தார்கள். ஆறாம் வகுப்பு வரும்போது, இடம் கிடைக்காத பிள்ளைகளைவிட வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியிருந்தார்கள். 2022இல் வெளியான முடிவு இது. உட்காரவைத்துப் பாடம் நடத்தியது கூடிப்போய், விளையாட்டு குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் டேல் ஃபாரனின் கணிப்பு, நிரூபணம் அல்ல.

நம்பிக்கை: விளையாட ஆள் இல்லாவிட்டால் என்ன, அறிவு வளர்க்கும் வீடியோ இருக்கிறதே.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். கைக்குழந்தைகளுக்கென்றே வந்து உலகமெங்கும் விற்ற ‘பேபி ஐன்ஸ்டீன்’ டிவிடிகளை வாங்கியவர்களுக்கு, 2009இல் அவற்றை வெளியிட்ட டிஸ்னி நிறுவனமே பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.