சாப்ட்வேருக்கும் பிளான் உண்டு!

வீடு கட்டுமுன் பிளான் போடுகிறோம். சுவர் எங்கே வருகிறது என்று கொத்தனார் பார்ப்பார். சுவிட்ச் போர்டு எங்கே என்று எலக்ட்ரீஷியன் கேட்பார். வீடு ஒன்றுதான், ஆளுக்குத் தகுந்தபடி படங்கள் வேறு. உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் சாப்ட்வேருக்கும் இப்படிப் படங்கள் வரைவதுண்டு. அவற்றை எப்படி வரைய வேண்டும் என்பதற்குப் பொதுவான விதிகளும் உண்டு.

ஏன் தேவை?

சாப்ட்வேரை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விடுவார். சாப்ட்வேரோ பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். 2000-ஆம் ஆண்டு பிறக்குமுன் எழுந்த ஒய்2கே பிரச்னையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய புரோகிராம்களில் இடத்தை மிச்சப்படுத்த, ஆண்டை 2 இலக்கங்களில் எழுதியிருந்தார்கள். 00 என்றால் 1900-ஆ, 2000-ஆ? திருத்துவதைவிட, எந்தெந்த இடத்தில் தேதி வருகிறது என்று தேடுவதே பெரிய வேலையாக இருந்தது. எழுதியவரும் இல்லை, சரியான விளக்கமும் இல்லை என்றால் வரிவரியாகத்தான் தேட வேண்டும்.

யு.எம்.எல். என்றால் என்ன?

முன்பு ஒவ்வொரு நிபுணரும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தார். கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் ஜேக்கப்சன் ஆகிய மூவரும் தங்கள் முறைகளை ஒன்றாக்கி யுனிஃபைட் மாடலிங் லாங்வேஜ் என்பதை உருவாக்கினார்கள். 1997-ல் ஓ.எம்.ஜி. என்ற அமைப்பு இதைத் தரமாக ஏற்றது. இது புரோகிராம் எழுதும் மொழி அல்ல. படம் வரையும் மொழி. ரயில் டிக்கெட் எடுக்கும் சாப்ட்வேரை வைத்து இதன் மூன்று படங்களைப் பார்க்கலாம்.

1. யூஸ் கேஸ் படம்: யார், என்ன செய்வார்? பயணி ஒரு குச்சி மனிதன். 'டிக்கெட் எடுத்தல்', 'ரத்து செய்தல்' ஆகியவை முட்டை வடிவங்கள்.

2. கிளாஸ் படம்: மூன்று அறை கொண்ட பெட்டி. மேலே 'டிக்கெட்' என்ற பெயர், நடுவில் தேதி, சீட் எண் போன்ற தகவல்கள், கீழே அதன் செயல்கள்.

3. சீக்வென்ஸ் படம்: எது முதலில், எது அடுத்து என்பதை மேலிருந்து கீழாகக் காட்டும். சீட்டை ஒதுக்குமுன்பே பணம் எடுக்கப்பட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி முதல் இரண்டு படங்களிலும் தெரியாது. இதில் பளிச்சென்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஒரே படமா?

கூடாது என்கிறது 2000-ல் வந்த ஐ.இ.இ.இ. 1471 என்ற தரம். யாருக்கு எந்தக் கவலை என்று முதலில் பட்டியலிடுங்கள். எந்தக் கவலைக்கு எந்தப் படம் பதில் சொல்கிறது என்று குறிப்பிடுங்கள் என்பதே இதன் சாரம். யு.எம்.எல்.தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தத் தரம் பின்னர் ஐ.எஸ்.ஓ. 42010 ஆனது, 2022-ல் திருத்தப்பட்டது. ஒரு நிறுவனத்தின் வேலைகள், சாப்ட்வேர்கள், கம்ப்யூட்டர்கள் மூன்றையும் சேர்த்து வரைய ஆர்க்கிமேட் என்ற தனி மொழியும் உள்ளது.

பழகிப் பார்க்க சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். பேப்பரும் பென்சிலும் போதும். ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதை இந்த மூன்று விதங்களில் வரைந்து பாருங்கள். மூன்றாவது படம் வரையும்போது உங்களுக்கே புதிய கேள்விகள் தோன்றும்.