நிலத்தடி நீரும் நிறைமாலைமானியும்

மாணவர்களே, இரண்டு குப்பிகளில் தண்ணீர் எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் ஆழ்துளைக் கிணற்று நீர். மற்றொன்று, கிருஷ்ணகிரி அருகே ஒரு சிற்றூரின் கைப்பம்பு நீர். இரண்டும் பளிங்குபோல் தெளிந்திருக்கின்றன. குடிக்கலாமா?

கண்ணும் நாக்கும் இதற்கு விடை சொல்லமாட்டா. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. இவ்வளவு நுண்ணிய அளவையும் அறியவல்லது நிறைமாலைமானி. அணுக்களையோ மூலக்கூறுகளையோ அயனிகளாக்கி, மின்புலம் அல்லது காந்தப்புலத்தால் நிறைவாரியாகப் பிரிப்பதே அதன் வேலை. 1919-இல் ஆஸ்டன் அமைத்த கருவியின் கொள்கைதான் இன்றும்.

முதல் குப்பிக்கு வருவோம். முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீர் மண்ணில் இறங்கினால் குரோமியமும் நிக்கலும் கிணற்றை எட்டலாம். இவற்றைக் காண, நீரைப் பனிபோல் தூவி, ஏறத்தாழ 7000 கெல்வின் வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் செலுத்துகிறார்கள். உலோக அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. குரோமியத்தின் முக்கிய ஐசோடோப்பின் நிறை எண் 52. ஆர்கான் 40, கார்பன் 12, கூட்டிப் பாருங்கள்! இவ்விரண்டும் ஒட்டிய அயனி, குரோமியம்போல் வேடமிட்டு வரும். வழியில் ஹீலியம் வாயுவை வைத்தால், பருமனான போலி அயனி அதிக முறை மோதி ஆற்றலை இழந்து பின்தங்கிவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களுக்கு இந்த முறை உதவாது. பிளாஸ்மாவில் மூலக்கூறே சிதைந்துவிடும். ஆகவே ஆவியாக்கி, வாயுக் குரோமட்டோகிராபியால் பிரித்து, 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களால் தாக்குவார்கள். நிறை 130, 132 ஆகிய இடங்களில் ஏறத்தாழச் சம உயரமுள்ள இரு முகடுகள் தோன்றும். காரணம், குளோரின் 35-உம் 37-உம் இயற்கையில் சுமார் 3:1 விகிதத்தில் உள்ளன. மூலக்கூறில் மூன்று குளோரின் அணுக்கள். மூன்றும் 35 ஆக இருக்க நிகழ்தகவு 27/64. ஒன்று மட்டும் 37 ஆக இருக்கவும் அதே 27/64. கணக்கிட்டுப் பாருங்கள். சூட்டில் சிதையும் பூச்சிக்கொல்லிகளாயின், ஆவியாக்காமல் திரவக் குரோமட்டோகிராபியால் பிரிப்பார்கள்.

இனி இரண்டாவது குப்பி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் தொல்லை புளூரைடு. இது பாறைக் கனிமங்களிலிருந்து நீரில் கரைவது; ஆலை எதுவும் வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். நாள்பட எலும்பும் கெடும். கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும்.

விலையுயர்ந்த நம் பிளாஸ்மாக் கருவி இங்கே கைவிரித்துவிடுகிறது! புளூரின் அணுவை அயனியாக்க 17.4 எலெக்ட்ரான் வோல்ட் தேவை, ஆர்கானுக்கே 15.8 போதும். குரோமியத்திற்கோ 6.8-தான். ஆகவே ஆர்கான் பிளாஸ்மாவில் புளூரின் அயனிகள் மிகச் சொற்பமே உண்டாகும். கண்டுபிடிப்பது யார் தெரியுமா? லாந்தனம் புளூரைடு படிகம் பொருத்திய ஒரு சிறிய மின்வாய். புளூரைடு பத்து மடங்கானால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். மேசைமேல் வைத்து அளந்துவிடலாம்.

2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை இவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுவருகிறது. ஆனாலும் அந்தக் கைப்பம்பில் யாரேனும் தண்ணீர் பிடித்தால், ஆய்வுத் தாளை வாங்கிப் பாருங்கள். உலோகங்கள் எல்லாம் வரம்புக்குள் என்றிருக்கும். அதற்குக் கீழே, புளூரைடுக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறதா?