பூட்டில்லாத படிவமும் ஒரு வக்கீல் நோட்டீஸும்

கேள்வி: என் கணவர் சித்த மருத்துவர். பாளையங்கோட்டையில் சிறிய மருத்துவமனை நடத்துகிறோம். கணக்குவழக்கும் இணையதளமும் என் பொறுப்பு. ஆறு ஆண்டுகளுக்கு முன் உள்ளூர் வெப் டிசைனர் ஒருவர் ஷேர்டு ஹோஸ்டிங்கில் தளத்தை அமைத்துக் கொடுத்தார். முன்பதிவுப் படிவத்தில் பெயர், வயது, செல்போன் எண், என்ன நோய், இப்போது சாப்பிடும் மருந்துகள் எல்லாம் கேட்கிறோம். ‘பாதுகாப்பற்றது’ என்று முகவரிக்குப் பக்கத்தில் காட்டுகிறதே என்று கேட்டதற்கு, “ஷேர்டு சர்வரில் எஸ்.எஸ்.எல். போட முடியாது, தனி ஐ.பி. வாங்கணும், செலவு அதிகம்” என்றார். விட்டுவிட்டோம். இப்போது நோயாளி ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எங்கள் மருத்துவமனையிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாரோ அவருக்குப் போன் செய்து, அவருடைய நோயையும் மருந்தையும் சரியாகக் குறிப்பிட்டு, 38,000 ரூபாய் பறித்துவிட்டார்களாம். 5 லட்சம் இழப்பீடு கேட்கிறார். ஹோஸ்டிங் நிறுவனம் ‘எங்களுக்குப் பொறுப்பில்லை, விதிமுறைகளைப் படியுங்கள்’ என்கிறது. டிசைனர் போனை எடுப்பதில்லை. எஸ்.எஸ்.எல். இல்லாதது குற்றமா? இழப்பீடு யார் தர வேண்டும்? பேசாமல் தளத்தையே அழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். தளத்தை அழிக்காதீர்கள். நோட்டீஸ் கையில் வந்த பிறகு அழித்தால், சாட்சியத்தை ஒழிக்கப் பார்த்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வரவிடாமல் அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். இன்றுவரை உங்கள் மேல் வந்திருப்பது இழப்பீட்டுக் கோரிக்கை மட்டும்தான். அதைக் கிரிமினல் வழக்காக நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டாம். படிவத்தை மட்டும் நிறுத்திவையுங்கள். தளம் முழுவதற்கும் ஒரு பேக்கப் எடுத்துத் தனியாக வையுங்கள்.

அடுத்த வேலையும் இன்றே செய்ய வேண்டியது. உங்கள் தளத்துக்குள் யார், எப்போது, எந்த ஐ.பி.யிலிருந்து வந்தார்கள் என்ற பதிவு, அதாவது லாக், ஹோஸ்டிங் நிறுவனத்திடம்தான் இருக்கிறது. ஷேர்டு கணக்குகளில் வாடிக்கையாளர் பார்க்கக்கூடிய லாக் பெரும்பாலும் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு பிறப்பித்த உத்தரவின்படி, சேவை நிறுவனங்கள் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். இந்த உத்தரவைக் குறிப்பிட்டு, ‘என் கணக்கின் எல்லா லாக்குகளையும் பாதுகாத்து நகல் தாருங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்களைக் காப்பாற்றுவதோ கைவிடுவதோ அந்த லாக்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எஸ்.எஸ்.எல்., அதாவது தகவலைக் குறியாக்கி அனுப்பும் பூட்டு, போடாதது குற்றமா? இல்லை. ‘இணையதளத்துக்கு எஸ்.எஸ்.எல். போடு’ என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் எந்தப் பிரிவிலும் சொல்லவில்லை. அது கேட்பது ‘நியாயமான பாதுகாப்பு நடைமுறை’. 2008 திருத்தத்தில் சேர்ந்த 43ஏ பிரிவின்படி, நுட்பமான தனிநபர் தகவலைக் கையாளும் நிறுவனம் அந்த நடைமுறையில் அலட்சியம் காட்டி, அதனால் ஒருவருக்கு நட்டம் ஏற்பட்டால் இழப்பீடு தர வேண்டும். ‘நாங்கள் நிறுவனம் இல்லையே, கணவர் பெயரில் நடக்கும் சிறிய மருத்துவமனைதானே’ என்று தப்ப முடியாது. தனிநபர் உரிமையில் நடக்கும் தொழிலையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது.

உங்களை மாட்டிவிடுவது படிவத்தில் இருக்கும் ‘என்ன நோய்’ என்ற அந்த ஒரு கட்டம். 2011 விதிகளில் பாஸ்வேர்டு, வங்கி மற்றும் கார்டு விவரம், உடல்நலம், மருத்துவப் பதிவுகள், பயோமெட்ரிக் போன்றவைதான் நுட்பமான தகவல்கள். பெயரும் போன் எண்ணும் அந்தப் பட்டியலில் இல்லை. இதே டிசைனர் இதே சர்வரில் ஒரு சேலைக் கடைக்குத் தளம் போட்டுக் கொடுத்து, அங்கே பெயரும் முகவரியும் கசிந்திருந்தால், 43ஏ பிரிவில் வழக்கு நிற்பது கடினம். உங்கள் மேல் போடும் வழக்கு நிற்கும்.

அப்படியானால் எஸ்.எஸ்.எல். இல்லாதது அலட்சியம்தானா? என் கருத்தில், ஆம். டிசைனர் சொன்ன காரணம் ஒரு காலத்தில் உண்மை. ஒரே ஐ.பி. முகவரியில் நூறு தளங்கள் இருந்தால், எந்தத் தளத்தின் எஸ்.எஸ்.எல். சான்றிதழைக் காட்டுவது என்று சர்வருக்குத் தெரியாது. அதனால் தனி ஐ.பி. கேட்டார்கள். எந்தத் தளத்தைத் தேடி வந்திருக்கிறோம் என்று பிரவுசரே முன்கூட்டிச் சொல்லிவிடும் எஸ்.என்.ஐ. என்ற ஏற்பாடு வந்த பிறகு அந்தத் தடை நீங்கியது. அது தெரியாதவை விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பழைய பிரவுசர்கள் போன்றவைதான். செலவு என்ற காரணமும் போய்விட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 இறுதியிலிருந்தே பொதுமக்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. இப்போது பெரும்பாலான ஷேர்டு ஹோஸ்டிங் கணக்குகளின் கன்ட்ரோல் பேனலிலேயே அதற்கான பொத்தான் இருக்கிறது. ‘நியாயமான’ என்ற சொல்லுக்கு அந்தந்தக் காலத்தில் எது எளிதில் கிடைக்கிறது என்பதுதான் அளவுகோல். இலவசமாகக் கிடைப்பதைப் போடாதவர் நியாயமாக நடந்தார் என்று வாதாட எனக்கு வாய் வராது. போதாக்குறைக்கு, கூகுள் குரோம் 2018 ஜூலை முதலே இப்படிப்பட்ட பக்கங்களில் ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதிக் காட்டுகிறது. நீங்களும் அதைப் பார்த்து டிசைனரிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தே விட்டீர்கள் என்பதற்கு அந்த உரையாடலே சாட்சி.

ஆனால் நோயாளியின் வேலை அத்தோடு முடிந்துவிடாது. அலட்சியம் இருந்தது, அந்த அலட்சியத்தால்தான் நட்டம் வந்தது என்று இரண்டையும் அவர் காட்ட வேண்டும். இரண்டாவது அவ்வளவு சுலபம் இல்லை.

உங்கள் ஊர் வளவு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவாசல் ஒன்று, கிணறு ஒன்று, உள்ளே குடும்பங்கள் பல. ஷேர்டு ஹோஸ்டிங்கும் அப்படித்தான். நோயாளியின் செல்போனிலிருந்து உங்கள் வாசல் வரை தகவல் வரும் வழியில் யாரும் பிரித்துப் படிக்காமல் காப்பதுதான் எஸ்.எஸ்.எல். வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு அது காவல் நிற்காது. பக்கத்துக் கணக்கு வழியாகச் சர்வருக்குள் நுழைந்தவன் எடுத்திருக்கலாம். படிவம் மின்னஞ்சலாக உங்களுக்கு வருகிறது என்றால் அந்த மெயில் பெட்டியிலிருந்து போயிருக்கலாம். மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்த ஊழியர், மருந்து பார்சல் அனுப்பும் இடம், ஏன், நோயாளியின் செல்போனிலிருந்தேகூடக் கசிந்திருக்கலாம். வழியில் மறித்துப் படிப்பவனுக்குப் பெரும்பாலும் ஒரு வைஃபையில் வந்த ஒருவருடைய தகவல்தான் கிடைக்கும். உங்கள் நோயாளிகள் பலருக்கும் இப்படி அழைப்பு வந்திருந்தால், கசிவு வழியில் நடந்திருக்க வாய்ப்பு குறைவு.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, உங்களுக்குச் சாதகமானதும் இல்லை. தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்குள் நீங்களோ டிசைனரோ பாஸ்வேர்டு போட்டு நுழைந்ததும் அதே பூட்டில்லாத இணைப்பில்தான். அந்த பாஸ்வேர்டை யாராவது வழியில் பிடித்திருந்தால் மொத்தப் பட்டியலும் அவன் கையில். தெரியாத ஊரிலிருந்து, நள்ளிரவில், உங்கள் நிர்வாகக் கணக்குக்குள் யாராவது வந்த தடம் லாக்கில் இருந்தால், எஸ்.எஸ்.எல். இல்லாததற்கும் நட்டத்துக்கும் நேர்க்கோடு போட்டுவிடலாம். அப்படி இருந்தால் சமரசத்துக்குப் போங்கள் என்பேன். தடம் இல்லையென்றால் தைரியமாக எதிர்க்கலாம். லாக்கை இன்றே கேளுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான், நோட்டீஸுக்குப் பதில் எழுதுமுன் அதைப் பாருங்கள்.

வழக்கு எங்கே வரும்? 43ஏ பிரிவின்படியான 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையைச் சிவில் நீதிமன்றம் விசாரிக்காது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் தீர்ப்பளிக்கும் அதிகாரி. இது காகிதத்தில் மட்டும் இருக்கும் ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். போலி மின்னஞ்சலில் பணத்தைப் பறிகொடுத்த வாடிக்கையாளருக்கு 12 லட்சத்துக்கும் மேல் தரும்படி, 2010-இல் ஒரு பெரிய வங்கிக்கே தமிழ்நாட்டுச் செயலர் உத்தரவிட்டார். சேவைக் குறைபாடு என்று சொல்லி நோயாளி நுகர்வோர் ஆணையத்தின் கதவையும் தட்டலாம்.

ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பார்வையில் அது இடைநிலையாளர். தன் சர்வரில் பிறர் ஏற்றும் தகவலுக்குப் பொறுப்பேற்பதிலிருந்து 79-ஆவது பிரிவு அதைக் காக்கிறது. உங்களிடம் ஒப்புக்கொண்ட சேவையைத் தராததற்கு அந்தக் கவசம் கிடையாது. நீங்கள் வாங்கிய திட்டத்தின் பில்லையும் அப்போதைய விளம்பரப் பக்கத்தையும் தேடி எடுங்கள். ‘இலவச எஸ்.எஸ்.எல். உண்டு’ என்று எழுதிவிட்டுக் கொடுக்காமல் இருந்தால் அது சேவைக் குறைபாடு. கொடுத்திருந்தும் உங்கள் தரப்பில் யாரும் பொத்தானை அழுத்தவில்லை என்றால் நிறுவனத்தின் மேல் பழி போட முடியாது. பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

குறைபாடே இருந்தாலும் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். ‘கட்டிய கட்டணத்துக்கு மேல் பொறுப்பில்லை’ என்ற வரி அவர்களுடைய விதிமுறைகளில் இருக்கும். இப்படிப் பொறுப்பை ஒரு தொகைக்குள் அடக்கும் ஒப்பந்த வரி செல்லும் என்று 1996-இல் ஒரு கூரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் நுகர்வோர் வழக்கில். 2019 நுகர்வோர் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்க்க வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ‘வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே அல்ல’ என்ற ஆட்சேபமும் வரும். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்ச் சேவைக்காக இத்தனை படி ஏறுவது தேவையா என்று யோசியுங்கள். டிசைனர் விஷயத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். தவறான ஆலோசனை சொன்ன வாட்ஸ்அப் செய்தி இருந்தால் மட்டும் பத்திரப்படுத்துங்கள். அதைத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, போனையே மாற்றாமல் வையுங்கள்.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள், அறிவிக்கையின்படி, 18 மாதம் கழித்து 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். அதன் பிறகு நோய் விவரம் என்றும் போன் எண் என்றும் பேதம் இல்லை. எல்லாத் தனிநபர் தரவையும் காக்க வேண்டும். காக்கும் வழிகளில் குறியாக்கத்தை விதியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஹோஸ்டிங்காரரிடம் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் பொறுப்பு தரவைத் திரட்டிய உங்களுடையது. அபராதம் 250 கோடி வரை போகலாம். உங்களைப் போன்ற சிறியவர்களுக்கு மீறலின் தன்மையைப் பார்த்துத்தான் தொகை தீர்மானமாகும். ஆனால் அந்த அபராதம் அரசின் தொகுநிதிக்குப் போகிறது, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா இல்லை. அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வரும் அதே நாளில் 43ஏ பிரிவும் நீக்கப்படுகிறது. ஏமாந்த நோயாளிக்கு இன்று இருக்கும் இழப்பீட்டு வழியை அடைத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனித் தளத்தைச் சீராக்கும் வேலை. சான்றிதழைப் போட்டு, பழைய முகவரியில் வருபவர்களும் தானாகவே எச்.டி.டி.பி.எஸ். என்ற பாதுகாப்பான முகவரிக்குப் போகும்படி செய்யுங்கள். இலவசச் சான்றிதழ்களின் ஆயுள் பொதுவாக 90 நாள். தானாகப் புதுப்பிக்கிறதா என்று பாருங்கள். எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். டிசைனரின் கணக்கை மூடுங்கள். சாதாரண எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகப் போகும், அதற்குப் பதில் எஸ்.எஃப்.டி.பி. பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ‘என்ன நோய்’ என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதை மருத்துவர் நேரில் கேட்டுக்கொள்ளட்டும். (தளத்தில் ‘நீரிழிவை அடியோடு குணப்படுத்துவோம்’ என்பதுபோல ஏதாவது எழுதியிருந்தால் அதையும் பேக்கப் எடுத்த பின் நீக்குங்கள், 1954-ஆம் ஆண்டு மாயமருந்து விளம்பரச் சட்டம் என்று வேறு ஒரு தலைவலி இருக்கிறது.)

கசிவு நடந்திருக்கிறது என்று லாக் காட்டினால், தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற நோயாளிகளுக்கும், ‘எங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாமல் அதை எழுத முடியும். நோட்டீஸ் அனுப்பியவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்பதோ, வாட்ஸ்அப்பில் விளக்கம் அனுப்புவதோ வேண்டாம். அழைப்பு வந்த எண், தேதி, பணம் போன கணக்கு, 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் கொடுத்த புகாரின் நகல் ஆகியவற்றைக் கேட்டு, நோட்டீஸில் கொடுத்த கெடுவுக்குள் உங்கள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். அந்தப் பதிலில் ‘எங்கள் தளத்தில் எஸ்.எஸ்.எல். இருந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சான்றிதழ் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்பது பொதுப் பதிவேட்டில் இருக்கும், எவரும் பார்த்துவிடலாம்.