பழைய வீட்டுக்குப் புது வயரிங்: செலவைத் தீர்மானிப்பது எது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்றெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் அதைச் சொருகப் போகும் பிளக் பாயிண்ட்டை யாரும் பார்ப்பதில்லை. புது வீடு என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. முப்பது, நாற்பது வருடப் பழைய வீடு என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

எங்கள் வீடு 1978-ல் கட்டியது. கம்ப்யூட்டரை அமைத்த மறுநாள் அம்மா தூசி துடைக்கும்போது சிபியூ பெட்டியைத் தொட்டார்கள். விரலில் சுருக்கென்றது. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் பெட்டியின் இரும்புத் தகட்டில் விளக்கு எரிகிறது! கம்ப்யூட்டர் பழுது என்றுதான் முதலில் நினைத்தோம். பழுது கம்ப்யூட்டரில் இல்லை, சுவருக்குள் இருந்தது. அந்த பிளக் பாயிண்ட்டில் எர்த் ஓட்டை இருந்தது, எர்த் வயர் இல்லை.

ஏன் சுருக்கென்கிறது?

சிபியூவுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் நுழைவாயிலில் ஃபில்டர் என்ற பகுதி உண்டு. அதில் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள், ஒன்று லைனிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு இணைக்கப்பட்டிருக்கும். மின்சாரத்தில் வரும் தேவையற்ற இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் பெட்டி, 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி அழுத்தத்தில் நிற்கும். பாயும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நாளைக்கு எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் ஏதாவது பழுதாகி லைன் வயர் பெட்டியைத் தொட்டால் என்ன ஆகும்? எர்த் இருந்தால் மின்சாரம் அதன் வழியாகப் பாய்ந்து உடனே ஃபியூஸ் போகும், அல்லது எம்.சி.பி. டிரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் போகாது. அடுத்துத் தொடுகிறவரின் உடல்தான் எர்த்.

இதைச் சரிசெய்ய வந்த ஒரு எலக்ட்ரீஷியன், பிளக்கைக் கழற்றி நியூட்ரலுக்கும் எர்த் பின்னுக்கும் ஒரு துண்டு வயரைப் போட்டுவிட்டு, "சரியாகிவிட்டது சார்" என்றார். சுருக்கென்பது நின்றுவிட்டது உண்மைதான். ஆனால் இது போலி எர்த். எங்காவது நியூட்ரல் வயர் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பெட்டி முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். யார் சொன்னாலும் இதைச் செய்ய விடாதீர்கள். அன்றே அந்தத் துண்டு வயரை எடுக்கச் சொன்னோம். முழு வீட்டுக்கும் வயரிங் மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

மூன்று எஸ்டிமேட், மூன்று தொகை

மூன்று பேரிடம் எஸ்டிமேட் கேட்டோம். ஒருவர் 58,000 ரூபாய் என்றார். இன்னொருவர் 94,000. மூன்றாமவர் 1,21,000. ஒரே வீடு, இரண்டு பெட்ரூம், சுமார் 800 சதுர அடி. எப்படி இவ்வளவு வித்தியாசம்?

அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கும்போது என்ன செய்வோம்? மொத்த விலையை மட்டும் பார்க்க மாட்டோம். மதர்போர்டு எது, எஸ்.எம்.பி.எஸ் எது என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்கி ஒப்பிடுவோம். வயரிங்குக்கும் அதேதான். 'கான்ஃபிகரேஷன்' ஒன்றாக இல்லாத இரண்டு எஸ்டிமேட்டுகளை ஒப்பிடவே கூடாது. அந்தக் கான்ஃபிகரேஷனில் இருக்கும் பகுதிகள் இவை:

1. எத்தனை பாயிண்ட்?

கூலி பெரும்பாலும் பாயிண்ட் கணக்கில்தான். ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு பிளக் ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். பழைய வீட்டில் ஒரு அறைக்கு ஒரு பிளக் இருந்தாலே பெரிது. இன்று கம்ப்யூட்டர் மேஜைக்கு மட்டும் சிபியூ, மானிட்டர், மோடம், பிரிண்டர், ஸ்பீக்கர் என ஐந்து பிளக் வேண்டும். எங்கள் வீட்டில் 26 பாயிண்ட் இருந்தது. தேவை 40. லைட் 15, ஃபேன் 5, 6 ஆம்ப் பிளக் 14, 16 ஆம்ப் பவர் பிளக் 5, ஏ.சி. 1. ஒரே போர்டில் கூடுதலாக வைக்கும் பிளக்குக்குத் தனி வயர் இழுக்க வேண்டியதில்லை. அதற்கு முழு பாயிண்ட் கூலி போடுகிறார்களா என்று கேளுங்கள்.

2. வயர் எந்த வழியாகப் போகிறது?

தொகையை அதிகம் மாற்றுவது இதுதான். சுவரை வெட்டிக் குழாயைப் பதித்தால் அது கன்சீல்டு வயரிங். பார்க்க அழகு. ஆனால் வெட்டுக் கூலி, பூச்சு வேலைக்குக் கொத்தனார், பிறகு பெயிண்ட் என்று செலவு தொடரும். எலக்ட்ரீஷியனின் எஸ்டிமேட்டில் கொத்தனாரும் பெயிண்டரும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். சுவருக்கு மேலே பிவிசி கேசிங் கேப்பிங் போட்டு வயர் ஓட்டினால் செலவு குறைவு, நாளும் குறைவு. பழுது வந்தால் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.

கூரையையும் பாருங்கள். கான்கிரீட் தளத்தில் அன்று பதித்த குழாய் அடைபடாமல் இருந்தால் அதன் வழியாகவே புது வயரை இழுத்துவிடலாம். குழாய் துருப்பிடித்து அடைத்திருந்தால் தளத்தின் அடிப்பக்கமாகக் கேசிங் ஓட்ட வேண்டும். மரக்கட்டையும் செங்கல்லும் கொண்ட மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் வெட்டவே கூடாது. கட்டையை ஒட்டித்தான் ஓட்ட வேண்டும்.

3. வயரின் கனம், தரம்

லைட், ஃபேனுக்கு 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், 16 ஆம்ப் பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்பது வழக்கம். கனம் கூடக் கூடச் செம்பு கூடும், விலையும் கூடும். வயர் 90 மீட்டர் சுருளாக வரும். எந்த கனத்தில் எத்தனை சுருள், எந்த பிராண்ட், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லுங்கள். எஃப்.ஆர்.எல்.எஸ். வகை வயர் தீ பரவுவதைத் தடுக்கும், புகையும் குறைவு. செம்பு விலை ஏறி இறங்கும் என்பதால், சொன்ன விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மெயின் போர்டு

பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் இருக்கும். அதற்குப் பதில் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ், எம்.சி.பி.க்கள், ஒரு ஆர்.சி.சி.பி. வரவேண்டும். எம்.சி.பி. வயரை அதிக லோடிலிருந்தும் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்தும் காக்கும். ஆர்.சி.சி.பி. மனிதரைக் காக்கும். மின்சாரம் 30 மில்லி ஆம்ப் அளவுக்கு எர்த்துக்குக் கசிந்தாலே துண்டிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

5. எர்த்

தரையில் எர்த் பைப் பதித்து, அங்கிருந்து டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸுக்கும், ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை வயர் போக வேண்டும். லைட் பாயிண்ட் மட்டும் உள்ள பழைய வீட்டில் இந்த மூன்றாவது வயரே இருக்காது. ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டினாலும் எர்த் இல்லாமல் அது தன் வேலையை முழுமையாகச் செய்யாது.

6. இ.பி. வேலையும் இன்வெர்ட்டரும்

ஏ.சி., வாட்டர் ஹீட்டர் என்று லோடு கூடினால் மின் வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்த விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். இது எலக்ட்ரீஷியன் எஸ்டிமேட்டில் வராது. இன்வெர்ட்டர் வைக்கும் எண்ணம் இருந்தால் அதற்கான லைனையும் நியூட்ரலையும் இப்போதே தனியாக ஓட்டச் சொல்லுங்கள். பிறகு செய்தால் இரட்டை வேலை.

7. வீட்டில் ஆள் இருக்கிறார்களா?

காலி வீட்டில் வேலை வேகமாக முடியும். குடியிருந்துகொண்டே செய்தால் அறை அறையாக, சாமான்களை நகர்த்தி, இரவுக்கு மின்சாரம் கொடுத்துச் செய்ய வேண்டும். நாள் கூடும், கூலியும் கூடும்.

இப்போது மூன்று தொகையையும் பார்ப்போம்

58,000 ரூபாய் சொன்னவர், சுவரில் இருந்த பழைய மரக் கேசிங்கிலேயே, இருக்கும் 26 பாயிண்ட்டுக்கு மட்டும் வயர் மாற்றக் கணக்குப் போட்டிருந்தார். புது எர்த் இல்லை, ஆர்.சி.சி.பி. இல்லை. 94,000 சொன்னவர் 40 பாயிண்ட், பிவிசி கேசிங், டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ், ஆர்.சி.சி.பி., எர்த் எல்லாம் சேர்த்திருந்தார். 1,21,000 என்பது அதே 40 பாயிண்ட், ஆனால் கன்சீல்டு. கொத்தனார் உண்டு, பெயிண்ட் இல்லை.

முதலாமவரிடம் விடுபட்டதையெல்லாம் சேர்த்து மறுபடி எழுதித் தரச் சொன்னோம். தொகை 89,000 ஆனது. ஆக, முதல் இருவருக்கும் இருந்த உண்மையான வித்தியாசம் 36,000 அல்ல, 5,000தான்! மீதி 31,000 ரூபாய், சொல்லாமல் விட்ட வேலைகளின் விலை. அவற்றில் அம்மாவின் விரலைக் காக்க வேண்டிய எர்த்தும் ஒன்று. சுவரை வெட்ட வேண்டாம் என்று முடிவு செய்து, வயரின் பிராண்டைக்கூட எழுதித் தந்திருந்த இரண்டாமவரிடமே வேலையைக் கொடுத்தோம்.

எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது?

- கன்சீல்டுக்குப் பதில் கேசிங் போடலாம். விலை உயர்ந்த அலங்கார ஸ்விட்சுகளைத் தவிர்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாதாரண ஸ்விட்ச் வாங்கலாம்.
- முழுப் பணமும் கையில் இல்லையா? டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ், எர்த், சமையலறை, கம்ப்யூட்டர் அறை ஆகியவற்றை முதலில் செய்து, மற்ற அறைகளைப் பிறகு செய்யலாம்.
- எர்த், ஆர்.சி.சி.பி., வயரின் கனம் ஆகிய மூன்றிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.
- கம்ப்யூட்டர் மேஜைக்கு டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலிருந்தே 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் தனி லைன் கேளுங்கள். அங்கே ஆறு பிளக் வையுங்கள்.
- நெட்வொர்க் கேபிளுக்கு இப்போதே தனிக் கேசிங் போட்டுவிடுங்கள். மின் வயரோடு ஒரே குழாயில் போடக் கூடாது.

வேலை முடிந்ததும்

மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்றவரிடமே வேலையைக் கொடுங்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெகர் வைத்து இன்சுலேஷனைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே டிரிப் ஆக வேண்டும். பிளக்குகளில் எர்த் உண்மையிலேயே பைப்புக்குத்தான் போகிறதா, நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருக்கிறதா என்று ஒன்றிரண்டு பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மெயினை அணைத்துவிட்டு அவரே கழற்றட்டும். நீங்கள் கை வைக்க வேண்டாம்.

எந்த டிஸ்ட்ரிபியூஷன் எம்.சி.பி. எந்த அறைக்கு என்று ஒரு தாளில் எழுதி பாக்ஸின் கதவில் ஒட்டிவிடுங்கள். அம்மா இப்போது சிபியூ பெட்டியைப் பயமில்லாமல் துடைக்கிறார்கள். சுருக்கென்பது போயே போய்விட்டது.