தன்னறிவை அளக்கும் கோல்

மாந்தர்தம் உயரத்தையும் நிறையையும் வினவினால் ஏறக்குறையச் சரியாகவே சொல்லிவிடுவர். செல்வத்தை வினவினாற் சிறிது குறைத்துச் சொல்வர். அறிவை வினவினால் என் சொல்வர்? வாயாற் சொல்வது ஒன்று. மனத்துள் எழுதி வைத்திருப்பது வேறொன்று. அங்ஙனம் மனத்துள் எழுதி வைத்த மதிப்பே, ஒருவன் எந்நூலைப் பயிலத் துணிகிறான், எத்தொழிலை நாடுகிறான், எதைக் கண்டு பின்வாங்குகிறான் என்பவற்றைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. பரீட்சை முடிவு வெளிவந்த வாரத்தில் கலாசாலை விடுதிகளில் நடமாடுவோர் இதனை நேரிற் காணலாம். கணிதத்தில் ஐந்தாறு மதிப்பெண் குறைந்தமையால், 'எனக்கு மூளையில்லை' என்று புத்தகத்தை மூடுவாரும் உளர். நெட்டுருச் செய்த வினாக்களே வரப்பெற்று முதல் வகுப்பில் தேறி, இனித் தமக்குத் தெரியாதது யாதுமில்லை என்று நிமிர்வாரும் உளர். இவ்விரு திறத்தாரும் தம்மை அளந்த கோல் யாது, அக்கோல் நேரியதுதானா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

நம் மொழியில் அறிவைக் குறிக்கும் சொற்கள் பல. நூல்களைக் கற்றுத் தெளிந்தவனைப் புலவன் என்கிறோம். வரப்புத் தகராற்றை வழக்கு மன்றம் ஏறாமல் தீர்த்து வைப்பவனை விவேகி என்கிறோம். சந்தையில் ஏமாறாதவன் கெட்டிக்காரன். இடர் வந்தவிடத்துச் சட்டென வழி காண்பவன் சமயோசித புத்தியுள்ளவன். சொல்வதைக் கண்ணசைவிலேயே பிடித்துக்கொள்ளும் குழந்தை சூட்டிகையானது. இத்துணைச் சொல்வளம் இருந்தும், 'நீ அறிவாளியா?' என்று கேட்கப்பெற்ற மாணாக்கன் இவற்றுள் ஒன்றையும் நினையான். தன் மதிப்பெண் பட்டியலையே நினைப்பான். பத்துப் பன்னீராண்டு ஒரே தராசில் நிறுக்கப்பட்டவன், உலகில் வேறு தராசும் உண்டென்பதை மறப்பதில் வியப்பில்லை.

அக்கணிப்பு உண்மைக்கு எத்துணை அண்மையது? மனோதத்துவம் எனவும் வழங்கும் உளநூலார் இதனைப் பலகாலும் சோதித்துள்ளனர். ஒருவர் தம் அறிவுத்திறன் இவ்வளவு என்று கூறுவதையும் சோதனையில் அவர் பெறுவதையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்து, பிராய்ண்டு, காஸ்டன் என்னும் இருவர் 2012-ஆம் ஆண்டில் ஒரு முடிவு கண்டனர். முழுப் பொருத்தத்தை 1 என்றும், பொருத்தமே இன்மையை 0 என்றும் கொண்டால், இவ்விரண்டிற்கும் உள்ள பொருத்தம் 0.33 என்பதே அது. முற்றும் குருட்டுக் கணிப்பன்று. ஆயினும் அதனை நம்பி ஒருவன் தன் வாழ்நாட் படிப்பைத் தெரிந்துகொள்வது மங்கிய நிலவொளியில் ஊசி கோப்பதை ஒக்கும்.

பிழை பெரும்பாலும் எப்பக்கம் சாய்கிறது என்பதும் அறியத்தக்கதே. 1976-77-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கலாசாலைப் புகுமுகப் பரீட்சை எழுதிய ஏறக்குறையப் பத்து லட்சம் மாணாக்கரிடம் அவர்தம் ஆற்றல்களைப் பற்றி வினவியபோது, தலைமை வகிக்கும் திறத்தில் தாம் நடுநிலைக்கு மேற்பட்டவர் என்றோர் நூற்றுக்கு 70 பேர். கீழ்ப்பட்டவர் என்றோர் இருவரே. பிறரோடு இணங்கி நடக்கும் திறத்திலோ, நூற்றுக்கு 25 பேர் தம்மை முதல் ஒரு விழுக்காட்டினருள் வைத்துக்கொண்டனர். இருபத்தைந்து பேர் ஒரே ஆசனத்தில் அமர்ந்த இவ்விந்தையைக் கண்டு நாம் நகைப்பதற்கு முன், நம்மை அவ்வினா வினவியிருப்பின் யாது கூறியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

இவ்விடத்துப் பலரும் எடுத்துக் காட்டுவது கார்னெல் சர்வகலாசாலையைச் சார்ந்த ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் என்பார் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி. இலக்கணம், தருக்கம், நகைச்சுவை உணர்வு என்பவற்றில் மாணாக்கரைச் சோதித்து, தம் நிலையைத் தாமே கணிக்குமாறும் அவர்களைக் கேட்டனர். நூறு படிகளுள் சராசரி 12-ஆம் படியில் நின்ற கடைநிலையினர் தம்மை 62-ஆம் படியினராகக் கணித்தனர். காரணம் யாதெனின், ஒரு வாக்கியத்தைப் பிழையின்றி எழுத எவ்வறிவு வேண்டுமோ, எழுதியதிற் பிழையுண்டென்று காணவும் அவ்வறிவே வேண்டும் என்பதாம். அஃதில்லாதவன் பிழையும் செய்வான். பிழையைக் காணவும் மாட்டான். முதல்நிலையினரோ தமக்கு எளிதாயிருந்தது பிறர்க்கும் எளிதாயிருந்திருக்கும் என்று கருதித் தம்மைச் சற்றே தாழ்த்திக் கணித்தனர்.

இதனை மறுப்பாரும் உளர். எவரும் தம் அளவைத் துல்லியமாகக் கூற இயலாராதலின், அடியில் நிற்பவன் பிழைபட்டால் மேல்நோக்கியே பிழைபட இடமுண்டு. உச்சியில் நிற்பவனுக்குக் கீழ்நோக்கியே இடமுண்டு. ஆதலால் இவ்விளைவிற் பெரும்பகுதி வெறும் கணக்கின் விளைவே என்பது அவர் வாதம். இம்மறுப்பு வலியுடையதே. ஆயினும் அவ்வாராய்ச்சியின் கடைசிச் சோதனை நம் கருத்துக்கு உரியது. தருக்கத்திற் பிழைபட்டோர்க்குச் சிறிது நேரம் தருக்கம் கற்பித்தபின், முன்னெழுதிய விடைகளை அவர்களிடமே காட்டி மீண்டும் கணிக்கச் செய்தனர். அவர்கள் தம் மதிப்பைத் தாமே குறைத்துக்கொண்டனர். கற்றதனாற் செருக்குக் குறைந்தது. இவ்வாராய்ச்சியை இக்காலத்துப் பலர் தமக்குப் பிடியாதவரை இழித்துரைக்கும் கருவியாகவே ஆளுகின்றனர். அறிவிலார் என ஒரு தனிச் சாதி உண்டென்று அது கூறவில்லை. இலக்கணத்தில் வல்லவனே தருக்கத்திற் கடைநிலையில் நிற்கக் கூடும்.

இனி, கோலின் வரலாற்றை நோக்குவோம். அறிவைச் சோதனையால் அளக்கும் முறைக்கு வழிகாட்டியவர் பிரான்ஸ் தேசத்து ஆல்பிரட் பினே. அவர் முதலில் மாணாக்கரின் தலைகளை அளந்து பார்த்தார். கெட்டிக்காரர்க்கும் மந்தர்க்கும் இடையே கண்ட வேறுபாடு மிகச் சிறிதாயிருந்தது. அச்சிறு வேறுபாடும் தாம் எதிர்பார்த்ததனால் தம் கை செய்த பிழையோ என்று தம்மையே ஐயுற்று அம்முறையைக் கைவிட்டார். அளப்பவன் தன்னையே ஐயுறுவது அருமையினும் அருமை. பின்னர், சாதாரண வகுப்பிற் கற்க இயலாத சிறுவரைக் கண்டறிந்து அவர்க்குத் தனிக் கல்வி அளிக்கும்பொருட்டு 1904-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அத்தேவைக்காகவே பினேயும் தியோடர் சிமோனும் எளியதிலிருந்து அரியது வரை 30 வினைகளை வகுத்து 1905-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உதவி வேண்டிய பிள்ளையைத் தேடிக் காண்பதே அக்கோலின் நோக்கம். அறிவு என்பது பிறவியிலேயே வரையறுக்கப்பட்டது, கூட்ட இயலாதது என்னும் கொள்கையைப் பினே 1909-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் வன்மையாகக் கண்டித்தார். 1911-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே ஜெர்மானியராகிய வில்லியம் ஸ்டெர்ன், சோதனையால் அறியும் மனவயதை உடல்வயதால் வகுக்க வேண்டும் என்றார். 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அவ்வீவை நூறாற் பெருக்கினார். அறிவு ஈவு என்று வழங்கும் எண் இவ்வாறு பிறந்தது. மருத்துவன் நோயாளியைத் தேர்ந்தெடுக்க வைத்திருந்த கோல், மாந்தரையெல்லாம் வரிசைப்படுத்தும் கோலாயிற்று.

அறிவு ஒன்றா பலவா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. ஒரு பாடத்தில் வல்லவர் பிறவற்றிலும் வல்லராயிருக்கக் கண்டு, எல்லாவற்றிற்கும் அடியில் பொதுவாற்றல் ஒன்றுண்டு என்றார் ஸ்பியர்மன், 1904-ஆம் ஆண்டில். தார்ண்டைக் 1920-ஆம் ஆண்டில் அறிவை மூன்றாக்கினார். தர்ஸ்டன் 1938-ஆம் ஆண்டில் ஏழாக்கினார். 1983-ஆம் ஆண்டில் ஹோவர்டு கார்டனர் இசை, உடலியக்கம், பிறர் மனம் அறிதல் முதலியவற்றையும் சேர்த்து வேறோர் ஏழு கூறினார். கார்டனர் கொள்கையை ஆசிரியர்கள் பெரிதும் விரும்பினர். சோதனைகளோ அதனை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. மனத்தின் ஆற்றல்கள் பல ஒன்றோடொன்று கைகோத்தே நிற்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆதலால், கணிதம் வராதவன் 'எனக்கு வேறுவகை அறிவு' என்று போர்த்துப் படுத்துறங்க இக்கொள்கையைப் போர்வையாக்குதல் தகாது. எனினும், ஒரே ஆற்றல் ஓரிடத்து ஒளிர்வதும் மற்றோரிடத்து மங்குவதும் கண்கூடு. பிரேசில் நாட்டு ரெசீபே நகரத்துத் தெருக்களிற் கண்ட உண்மை அதற்குச் சான்று.

அந்நகரத்தில் ஏழைப் பிள்ளைகள் தெருவில் இளநீரும் பழமும் விற்றனர். 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி யொன்றில், கராஹெர் முதலிய மூவர் 9 முதல் 15 வயதுவரையுள்ள ஐந்து பிள்ளைகளிடம் வாங்குவோர் போலச் சென்று, 'இத்தனை காய் என்ன விலை? இவ்வளவு பணம் தந்தால் மீதி எவ்வளவு?' என்று கேட்டனர். நூற்றுக்கு 98 விடைகள் சரி. சில நாள் கழித்து, அதே கணக்குகளை அதே பிள்ளைகளுக்குப் பள்ளி முறையிற் கொடுத்தனர். கதைபோற் கூறிய கணக்குகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 74-ம், வெறும் எண்களாகக் கொடுத்தவற்றில் நூற்றுக்கு 37-ம் சரியாயின. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை, காய் ஒன்று 35 குருசேரோ ஆயின் நான்கு காய் என்ன விலை என்று தெருவிற் கேட்டனர். மூன்று காய்க்கு 105, அதனோடு 30 கூட்ட 135, இன்னும் ஐந்து கூட்ட 140 என்று வாயாலேயே கூட்டிச் சொன்னான். அவனே தாளில் 35-ஐ நான்காற் பெருக்கியபோது எழுதிய விடை 200! நான்கைந்து இருபது, கையிருப்பு இரண்டு. மூன்றும் இரண்டும் ஐந்து, அதை நான்காற் பெருக்க இருபது என்று முறையைத் தடுமாறவிட்டான். தெருவில் 140 பெறும் காய்க்கு எவரேனும் 200 கேட்டால் அவனே நகைத்திருப்பான். பள்ளியோ, அவன் கையெழுத்தைக் கண்டு அவனுக்குப் பெருக்கல் வாராது என்று முடிவு கட்டும். காலப்போக்கில் அவனும் அம்முடிவையே நம்புவான். கேடு விளைவது இவ்விடத்தேதான்.

கேட்பவன் கோலும் கேட்கப்படுபவன் கோலும் வேறாயின் எவ்வளவு எளிதிற் பிழை நேரும் என்பதற்கு ஜோசப் கிளிக் 1975-ஆம் ஆண்டில் எழுதிய செய்தியும் உதவும். ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டுக் கிபெல்லே மக்களிடம் உணவுப்பொருள், கருவி, பாண்டம், ஆடை என நால்வகைப் பொருள்களைக் கலந்து கொடுத்து இனம் பிரிக்கச் சொன்னார்கள். அவர்கள் கத்தியை நாரத்தையோடு வைத்தனர். கத்தி அதை அறுக்குமன்றோ! அறிவுடையவன் இவ்வாறே செய்வான் என்றும் கூறினர். சலிப்புற்ற ஆராய்ச்சியாளர், 'மூடன் எவ்வாறு செய்வான்?' என்று கேட்டபோது, உணவு ஒருபால், கருவி ஒருபால் என அவர் விரும்பியவாறே நான்கு குவியலாக வகுத்து வைத்தனர்.

அங்ஙனமாயின் தன்னறிவைத் தானே அறியும் வழி இல்லையோ எனின், உண்டு. செல், கிரிசான் என்போர் 2014-ஆம் ஆண்டில் முந்தைய தொகுப்புகளையெல்லாம் மீண்டும் தொகுத்துக் கண்டது இது: வினா குறிப்பானதாகவும், வேலை பழகியதாகவும், அதன் விளைவு கண்ணாற் காணத்தக்கதாகவும் இருந்தால் ஒருவன் தன்னைப் பற்றிக் கூறும் கணிப்பு உண்மையை மேலும் நெருங்குகிறது. 'நான் அறிவாளியா?' என்னும் வினாவுக்கு மனம் பொய்விடை தரும். 'இவ்விருபடிச் சமன்பாட்டை உதவியின்றி என்னால் தீர்க்க இயலுமா?' என்னும் வினாவுக்கு அவ்வளவு எளிதிற் பொய்விடை தர இயலாது. தாளும் பேனாவும் அருகிலேயே உள்ளன.

இராமாநுஜன் வரலாறு இதற்கு நல்ல சான்று. கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் கணிதம் ஒழிந்த பாடங்களிற் கவனமின்றி உபகாரச் சம்பளத்தை இழந்தவர். சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் பயின்றும் எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர்; 1912-ஆம் ஆண்டில் துறைமுகக் கணக்குக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக அமர்ந்தவர். பரீட்சைக் கோலையே அவர் தமக்குக் கோலாகக் கொண்டிருந்தால் அவருடைய குறிப்புப் புத்தகங்கள் பிறந்திரா. அவரோ 'யான் அறிவாளி' என்று எவரிடமும் வழக்காடவில்லை. 1913-ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், சர்வகலாசாலைப் படிப்பு தமக்கில்லை என்பதை மறையாது கூறி, தாம் கண்ட தேற்றங்களை வரிசையாக எழுதி, அவற்றின் தகுதியைப் பார்த்துச் சொல்லுமாறு வேண்டினார். தம்மை மதிப்பிடுமாறு கேளாமல், தாம் செய்ததை மதிப்பிட வல்லவரிடம் அதனையே வைத்தார். 1918-ஆம் ஆண்டில் அவர் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். கணித வல்லாரை இயற்கைத் திறத்தால் நூற்றுக்கு இத்தனை என்று ஹார்டி ஒருகால் மதிப்பிட்டதாக எர்டோஷ் கூறியுள்ள செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. இராமாநுஜனுக்கு 100, ஹில்பர்ட்டுக்கு 80, தம் தோழர் லிட்டில்வுட்டுக்கு 30, தமக்கு 25. தம் தொழிலின் ஆழத்தை அறிந்தவன் தன்னை எழுதிக்கொண்ட எண் அது.

இறுதியாக, நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். 1992-ஆம் ஆண்டில் எடின்பரோ மாணாக்கரிடம் தம் அறிவையும் பெற்றோர் அறிவையும் மதிப்பிடச் சொன்னபோது, மாணவியர் தம்மை மாணவரினும் தாழ்த்தியே கூறினர்; தாயைத் தந்தையினும் தாழ்த்தினர். சோதனைகள் அத்தகைய தாழ்வைக் காட்டவில்லை. நம் அன்னையரிடம் கேட்டாலும், 'எனக்கென்ன தெரியும், அடுப்படியிற் கிடப்பவள்' என்றே பலர் கூறுவர். அவ்வாறு கூறுபவரே விடியற்காலையில் வாயில் தெளித்து, புள்ளி வைத்து, ஒரு கோடும் விடுபடாமல் சிக்குக்கோலம் இட்டு எழுகின்றனர். தாம்பரத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, கோலங்களைத் தோற்றுவிக்கும் விதிகளை இலக்கணமாக வகுத்து, 1974-ஆம் ஆண்டில் கணிப்பொறிச் சித்திரங்களுக்குரிய வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டனர். சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலத்தை அதே முறையில் வளர்ப்பது எங்ஙனம் என்பது அவ்விலக்கணம் கூறும் பொருள்களுள் ஒன்று. மார்கழி மாதத்தில் எந்தத் தெருவிலும், அதனை ஒரு சிறுமி தன் தாய்க்குப் பின்னால் அமர்ந்து புள்ளி எண்ணிக் கற்றுக்கொண்டிருப்பதைக் காணலாம்.